பிள்ளையே நடத்தும் சேமிப்புக் கணக்கு

உண்டியல் நிரம்பிவிட்டதா? பிள்ளையை வங்கிக்கு அழைத்துப் போகும் முன்:

1. 10 வயது நிறைந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி அதன் பிறகே பிள்ளை தனியாகக் கணக்கை இயக்கலாம், அஞ்சலகத்திலும் அப்படியே.

2. குறைந்தபட்ச இருப்பை முதலில் கேளுங்கள். அபராதம் பிடித்தால் சிறுவாட்டுப் பணம் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் 500 ரூபாய் போதும்.

3. ஒரே மாதிரி கையெழுத்துப் போடப் பழக்குங்கள். மாறினால் பணம் எடுப்பது சிக்கல்.

4. ஏடிஎம் கார்டுக்குத் தினசரி வரம்பு குறைவாக இருக்கட்டும். தொலைந்தாலும் இழப்பு சிறிது.

5. பாஸ்புக்கை அவசியம் வாங்குங்கள். பதிவு போட்டு வரும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். வரவும் வட்டியும் அச்சில் கண்ணில் பட்டால்தான் சேமிக்கும் ஆசை வளரும். செயலியைவிட இதுவே நல்லது.

18 வயதானதும் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுக்க வேண்டும்.