ஆறாண்டு காக்க வேண்டிய தாள்கள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் ஓர் இரும்பலுமாரியுமாக, யுத்தம் ஓய்ந்த மறுவருஷம் நான் ஆரம்பித்த காணி விற்பனைக் காரியாலயத்தில் முதலாளியும் நானே, எழுதுவினைஞனும் நானே, வருகிறவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிறவனும் பெரும்பாலும் நானே. 2018ஆம் வருஷம் ஜனவரி மாதத்து வர்த்தமானியின் புண்ணியத்தில், சட்டம் சரிவரக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர் பதவியும் இவற்றோடு எனக்கு வந்து சேர்ந்தது. என்னை நானே மேற்பார்வை செய்யும் அந்த விநோத உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது.

பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டங்கள் 2006ஆம் வருஷமே நாட்டில் பிறந்தவை. மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவும் அவ்வருஷத்ததே. ஆயினும் 2017இல் சர்வதேச நிதியியல் நடவடிக்கைச் செயலணி இலங்கையைத் தன் சாம்பல் பட்டியலில் போட்ட பிறகுதான், வங்கிகளுக்கு அப்பால் நகைக்கடைக்காரரையும் நொத்தாரிசுமாரையும் எம் போன்ற காணித் தரகரையும் அதிகாரிகள் தீவிரமாக நினைத்துப் பார்த்தனர். இரண்டு வருஷத்தில் நாடு அப்பட்டியலிலிருந்து மீண்டது, நாங்கள் மீளவில்லை. வாங்குபவர் யார், அவர் பின்னால் நிற்பவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, பெயர் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் தடைப்பட்டியலில் உண்டா என்றெல்லாம் விசாரித்து, எழுதி, ஆறு வருஷம் பத்திரப்படுத்தி, சந்தேகம் தோன்றினால் இரண்டு வேலை நாளுக்குள் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை, இதற்கென்றே தனிப்பகுதி வைத்திருக்கும் வங்கி சுமப்பதற்கும் ஒற்றை ஆள் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

என் கண்ணைத் திறந்தது ஓர் உப்புவெளிக் காணி. துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய முதியவர் ஒருவர், என் தகப்பனாரின் சிநேகிதர், இருபது பேர்ச் நிலத்தை ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு விற்றுத் தரும்படி ஒப்படைத்திருந்தார். ஒரு மத்தியானம் வந்த இளைஞர் ஒருவர், விலையைக் குறைத்துக் கேளாமலும் காணியைப் போய்ப் பாராமலும், புடைவைக் கடைப் பையொன்றிலிருந்து ஐயாயிரம் ரூபாத் தாள்களின் கட்டுகள் ஆறை எடுத்து என் மேசையில் அடுக்கினார். கட்டுக்கு ஐந்து இலட்சம். முப்பது இலட்சம் முற்பணம். உறுதி யார் பெயரில் என்று கேட்டேன். "மச்சான்ட பெயரில, அவர் வெளியில இருக்கிறார்" என்றார். மச்சானின் அடையாள அட்டைப் பிரதியும் பணம் வந்த வங்கிச் சீட்டும் வேண்டுமென்றதும், கட்டுகள் வந்த வழியே பைக்குள் போயின. முதியவர் மறுநாள் வந்து, "தம்பி, உங்கட அப்பா இருந்திருந்தா இப்பிடி ஆக்களைத் துரத்தியிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு, தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். மூன்று வாரத்தில் அதே காணியை, காரியாலயமும் பெயர்ப்பலகையும் இல்லாத, கைத்தொலைபேசி ஒன்றே மூலதனமான ஒரு தரகர் விற்று முடித்தார். அந்தச் சம்பவத்தை நான் அறிவித்தேனா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லவும் சட்டம் இடந்தராது. அறிக்கை போன செய்தியை வெளியிடுவதே குற்றம்.

விதி பிழையென்று நான் சொல்லவில்லை. போதைப்பொருட் பணம் கடற்கரைக் காணியாய் உருமாறினால், விலையேறி, ஊர்ப் பிள்ளைக்கு ஊரிலே நிலமில்லாமற் போகும் என்பதை அறியாதவனல்லன். பெயர்ப்பலகை மாட்டியவனை மட்டுமே அது எட்டுகிறது என்பதுதான் என் மனத்தாங்கல்.

அன்று முதல், கேள்வியைத் தேநீருக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். உறவு கனிந்தபின் அடையாள அட்டை கேட்பது அவமதிப்பாகத் தோன்றும். வாசலிலேயே, மந்திரிக்கும் மீன்காரருக்கும் ஒரே தாளை நீட்டினால் அது வழக்கமாகிவிடும். அட்டையைப் பிரதி எடுப்பதோடு நில்லாமல் இலக்கத்தையும் படிக்க வேண்டும்: பழைய அட்டையில் முதலிரண்டு இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாளென்று கணக்கிட்டு, அந்த வருஷத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு மாத்திரம் அதனோடு 500 கூட்டியிருக்கும். அட்டையிலுள்ள பிறந்த திகதியோடு இது இசையாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துவது உசிதம். தடைப்பட்டியலைப் பார்க்கும்போதோ வேறொரு சிக்கல்: கிண்ணியாவிலும் மூதூரிலும் முகம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாய் எழுதுகிறார்கள். நமது தமிழ்ப் பெயர்களுக்கும் அதே கதி. தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்து ஒப்பிடாமல், பெயர் ஒத்துப்போனதென்று ஒரு நிரபராதியைச் சந்தேகிப்பது மகாபாவம்.

முற்பணத்தை நான் கையால் தொடுவதே இல்லை. வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேரே போகட்டும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், மிகுதிக்கு நான்கு வீதம் என்பதால், உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நல்ல மனிதரிடத்தும் உண்டு. அந்தப் பேச்சு என் மேசையில் எழுந்தால் நான் எழுந்துவிடுகிறேன். இதனால் இழந்த தரகுப் பணத்தைக் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, அற்பமானதுதான்: இந்தத் துறைமுகத்து உப்புக்காற்றில் இரும்புக் கிளிப்பு ஒரு மாரியில் துருப்பிடித்து, அட்டைப் பிரதியில் முகம் இருக்கும் இடத்தையே தின்றுவிடுகிறது. நூலால் கட்டி வையுங்கள்.

வாசலில் நான் நீட்டும் அந்த ஒரு பக்கத் தமிழ்ப் படிவத்தைத் தட்டுத்தடுமாறி நானே எழுதினேன். மத்திய வங்கியார் அப்படியொன்றை, சிறு தரகர் ஒவ்வொருவருக்கும் விளங்கும் தமிழில் அச்சிட்டு, கச்சேரியிலும் காணிப் பதிவகத்திலும் வைத்தால் பெரும் உபகாரமாக இருக்கும். அதுவரையில், தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார் எவரும் என் காரியாலயத்துக்கு வந்து ஒரு பிரதி எடுத்துப் போகலாம், தரகு கேட்கமாட்டேன்.