கிணற்று நீரும் கழிவெண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நெல்லுக்கு மாரி மழையும், வெங்காயம், மிளகாய், மரக்கறி முதலியவற்றுக்குக் கிணறுமே ஆதாரம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி நிலத்தினுள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அடுத்த மாரி வரும்வரை கமக்காரர் இறைப்பது அந்த நீரையேயாம்.

இந்நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. உவர்நீர் கனமானதாகையால் கீழே நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே, நீர்மட்டம் 1 அடி தாழ்ந்தால் உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலேறக்கூடும். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தலை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

உவர் கீழிருந்து வருவது. எண்ணெயோ மேலிருந்து வருவது. நிலத்தில் ஊற்றப்படும் கழிவெண்ணெய் செம்மண்ணினூடாக இறங்கிக் கல்வெடிப்பை அடைந்துவிட்டால், அதனை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. மணல் நிலத்தில் நீர் மெதுவாகக் கசியும். சுண்ணக்கல்லிலோ குழாயில் ஓடுவதுபோல் ஓடும். எண்ணெய் நீர்மட்டத்தின்மேல் படர்ந்து, கோடையில் நீருடன் தாழ்ந்து, மாரியில் நீருடன் உயர்ந்து, செல்லும் வழியெல்லாம் கல்லில் ஒட்டிக்கொள்ளும். "சென்ற ஆண்டு மணம் நின்றுவிட்டது, இவ்வாண்டு மழைக்குப் பின் மீண்டும் வந்துவிட்டது" என்று சிலர் வியப்பதற்குக் காரணம் இதுவே.

இஃது ஏட்டளவான அச்சமன்று. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரிலே எண்ணெய் காணப்பட்டது. நல்ல கிணறு வைத்திருந்த குடும்பங்கள் குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்து நின்றன. அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனமே நிலத்தடி நீரை மாசுபடுத்தியதென 2019 ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அயலவருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு கட்டளையிட்டது. தீர்ப்பு நன்றே. ஆயினும் கல்லில் ஒட்டிய எண்ணெயைக் கழுவும் ஆற்றல் பணத்துக்கு இல்லை.

வேறொரு வகைத் தீங்கும் உண்டு. 1950 இல் தொடங்கி 1990 இல் போரினால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அகழப்பட்ட கல், நமது நீரைத் தாங்கும் அதே சுண்ணக்கல்லாகும். கடலை அண்டி ஆழ வெட்டிய பள்ளம் உவர்நீர் உட்புக வழிசெய்யும். அங்கே கொட்டப்படும் குப்பையின் சாறும் நேரே நிலத்தடி நீரைச் சேரும்.

இனி இறைப்பு. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆள் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அது விரைந்து இழுக்கும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போல் குழிகின்றது. கீழிருந்து உவரும் அயலிலிருந்து எண்ணெயும் அக்குழியை நோக்கி வரும். எண்ணெய் கண்ட கிணற்றைத் தொடர்ந்து இறைத்தால் தெளிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. எண்ணெய் ஊறும் இடம் அடைபடாதவரை, இறைக்க இறைக்க அது வந்துகொண்டேயிருக்கும்.

ஆதலால் காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமுமாக இறைத்தல் வேண்டும். நீர் குறையுந்தோறும் உறிஞ்சு குழாயைத் தாழ்த்துதல் கூடாது. மிளகாய்ப் பாத்திகளுக்குப் பூவரசங் குழையோ வைக்கோலோ மூடாக்காக இட்டால் இறைப்பின் இடைவெளியை நீட்டலாம். நெல் வயலின் வரம்பை மாரிக்கு முன்னரே உயர்த்திக் கட்டுக. வயலில் தேங்கும் நீரே தோட்டக் கிணற்றுக்கு ஊற்றாகின்றது. ஊர்க்குளத்தையும் கேணியையும் தூர்வாருதல் ஒருவர் வேலையன்று. கமக்காரர் அமைப்பினர் கோடையிலேயே கூடி அதனை முடித்தல் வேண்டும்.

மின்நிலையத்தைக் குறை கூறும் நாமே உழவு இயந்திரத்தின் பழைய எண்ணெயை வேலியோரம் ஊற்றுதல் தகுமோ? அதனை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்து எரிபொருள் ஊற்றுதல் ஆகாது. அதன் கீழே மணல் பரப்பிய தட்டு ஒன்று இருத்தல் நலம்.

வாகனங்கள் கழுவித் திருத்தும் நிலையமோ தொழிற்சாலையோ உங்கள் அயலில் அமையுமாயின், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி உரிமம் பெற்றுள்ளதா என மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் வினவலாம். எண்ணெய் கிணற்றுக்கு வந்தபின் வினவுவதிலும் அத்திவாரம் வெட்டும்போதே வினவுதல் மேல்.

கிணற்று நீரில் வானவில் நிறப் படலமோ மண்ணெண்ணெய் மணமோ கண்டால், அதனைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தற்க. கொதிக்க வைத்தாலும் எண்ணெய் நீங்காது. பயிருக்கும் பாய்ச்சற்க, மண்ணில் எண்ணெய் படிந்தால் வேருக்குக் காற்றும் நீரும் சேரா. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவித்து, சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை அவரிடமே கேட்டறிக. மாதிரி எடுப்பதற்குக் கண்ணாடிப் போத்தலே ஏற்றது. பிளாத்திக்குப் போத்தலின் உட்புறத்தில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைத்துக் காட்டும். எடுத்த நாளையும், கிணற்று நீர் நின்ற மட்டத்தையும் போத்தலின்மேல் எழுதி ஒட்டுக.