கம்பைல் ஆனால் போதுமா?

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகள் சிலர், லினக்ஸில் ஓடும் மென்பொருளை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இது.

1. முதலில் பரணைப் பாருங்கள். அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி கிடக்கும். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, அதில் ஃப்ரீபிஎஸ்டி போட்டுத் தினமும் புழங்குங்கள். லினக்ஸில் ஒழுங்காக ஓடிய 'செட் -ஐ' கட்டளை, அங்கே நீங்கள் எழுதிய மாற்றத்தையே கோப்பின் பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு முறைக்கும். இதெல்லாம் கைப்பழக்கத்தில்தான் வரும்.

2. இயங்குதளங்களின் வித்தியாசத்தை ஒரே இடத்தில் வையுங்கள். 1999இல் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் ஓபன்எஸ்எஸ்எச் தொடங்கியபோது தங்கள் இயங்குதளத்துக்கு மட்டும்தான் எழுதினார்கள். மற்றவற்றுக்குக் கொண்டுபோவது தனிக் குழுவின் வேலை; அந்தப் பதிப்பு எண்ணின் கடைசியில் 'பி1' ஒட்டியிருக்கும். ஓபன்பிஎஸ்டியில் 1998இலேயே இருந்த 'ஸ்ட்ரெல்காப்பி' ஃபங்ஷன், குனுவின் சி லைப்ரரிக்கு 2023இல்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஓபன்எஸ்எஸ்எச்சின் அந்தப் பதிப்பில் இந்தக் குறையைத் தனி ஃபோல்டர் ஒன்று நிரப்பியது. மூல நிரல் முழுக்க இஃப்டெஃப் தெளிக்கிறவரிடம் வேலை கற்காதீர்கள்.

3. கம்பைல் ஆனதும் துள்ளாதீர்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது? சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். ஆகவில்லையென்றால் 'இந்த வசதி இங்கே இல்லை' என்று குறித்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே போகும். 2024இல் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு வைத்த ஆசாமி, இதே மாதிரிச் சோதிக்கும் சீமேக் கருவியின் கோப்பில் இந்த வழியைத்தான் பயன்படுத்தினான். லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதியைச் சோதிக்கும் சின்ன நிரலில், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. நிரல் எங்கேயும் கம்பைல் ஆகாது. வசதி இருந்தும் இல்லாததாகவே கணக்கு. எத்தனை பேர் கண்ணைக் கடந்து போன புள்ளி அது! ஆகவே கான்ஃபிகரோ சீமேக்கோ 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் லாக் கோப்பைத் திறந்து, ஏன் இல்லை என்று படியுங்கள். சலிப்பான வேலைதான், செய்யுங்கள்.

4. ஒரு வரிக்காக லைப்ரரி சேர்க்காதீர்கள். அந்தப் பின்கதவு குறிவைத்தது ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை; அதற்கு எக்ஸ்இசட்டோடு நேரடி உறவே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள், சர்வர் தயார் என்று சிஸ்டம்டிக்குச் சொல்ல ஒரு பேட்ச் போட்டன. அதற்கான லைப்ரரியின் வால் பிடித்து எக்ஸ்இசட் உள்ளே வந்தது. சொல்ல வேண்டியதோ ஒரு சாக்கெட்டில் எழுதும் ஒரு வரி. 9.8 பதிப்பில் ஓபன்எஸ்எஸ்எச்சே லைப்ரரி இல்லாமல் அதை எழுதிக்கொண்டது.

5. மாற்றத்தைத் தனித்தனியாகக் கமிட் செய்து காரணத்தோடு மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919இன் குடவோலை விதியும் இருக்கிறது, 921இல் செய்த திருத்தமும் இருக்கிறது. கமிட் வரலாறும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

6. சிக்கினால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் கேளுங்கள். 'ஓடவில்லை அண்ணா' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, முதலில் வந்த எரர் வரி, இந்த மூன்றையும் கொடுங்கள். கடைசி எரர் பெரும்பாலும் முதல் எரரின் எச்சம்தான், அதை ஒட்டி அனுப்பிப் பயனில்லை.