பீலியும் சட்டமும்

விழிஞ்ஞம் துறையில் கரையேற்றப்படும் சுறாவின் துடுப்புகள் உடலோடு ஒட்டியே இருத்தல் வேண்டும். இத்துடுப்பே பீலி எனப்படும். சீன விருந்துகளில் பீலிச் சூப்பு பெருமைக்குரிய உணவு. ஆதலின் இறைச்சியைவிடப் பீலிக்கு விலை மிகுதி. சிலர் நடுக்கடலிலேயே பீலியை அரிந்துகொண்டு, உயிருள்ள உடலைக் கடலில் எறிந்தனர். துடுப்பிழந்த சுறா நீந்த இயலாது மூழ்கி மடியும். என்னே கொடுமை! இதனைத் தடுக்கவே, சுறாவை முழு உடலோடு கரைசேர்க்குமாறு நடுவண் அரசு 2013இல் ஆணையிட்டது. 2015இல் பீலி ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது.

எனினும், எல்லாச் சுறாவையும் பிடித்தல் குற்றமன்று. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் பலர்க்கு அதுவே பிழைப்பு. திமிங்கிலச் சுறாவோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அது சிக்கினால் வலையை அறுத்தேனும் விடுவித்தல் வேண்டும். அவ்வாறு அறுந்த வலைக்குக் குஜராத் வனத்துறை இழப்பீடு அளிக்கிறது.

வினா: பீலியை உடலோடு கரைசேர்க்க ஆணையிட்டது ஏன்?