புறத்தே நின்று அகத்தை ஆளும் பற்றீரியம்

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் ரோசாச் செடியொன்றின் தண்டினை வகுப்பிற்குக் கொணர்ந்தான். அதன் அடியிலே தடித்துக் கிடந்த கழலையைக் காட்டி, “ஐயா, இது பூச்சி குடைந்ததனால் வந்ததா?” என வினவினான். தமிழாசிரியனாகிய யான் விடை கூற இயலாது நின்றேன். பின்னர் விஞ்ஞான ஆசிரியரை வினவியும் நூல்களை ஆராய்ந்தும் அறிந்தவற்றை இம்மலர் வாயிலாக அவனுக்கும், ஏனைய மாணவர்க்கும், பழைய மாணவர்க்கும் கூற விழைகின்றேன்.

தண்டும் வேரும் கூடுமிடத்தில் இத்தகைய கழலையை உண்டாக்கும் நோயொன்று உண்டு. ரோசா, திராட்சை, அப்பிள் முதலிய பல தாவரங்களை அது பீடிக்கும். அதற்குக் காரணம் மண்ணில் வாழும் பற்றீரியமொன்றே என்பதை 1907 ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த எர்வின் சிமித், ரவுன்சென்ட் என்னும் இருவர் நிறுவினர். அக்ரோபற்றீரியம் ரியூமிபேசியன்சு என்பது அதற்கு வழங்கும் பெயர்.

1940 களில் ஆமின் பிரவுண் என்னும் அறிஞர் வியத்தகு சோதனையொன்று செய்தார். நம் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணி, இப்பற்றீரியம் தாங்கமாட்டாத வெப்பத்தையும் தாங்கவல்லது. அச்செடியின் காயத்திற் பற்றீரியத்தை இட்டுச் சில நாள் கழித்து வெப்பத்தால் அதனை அழித்தார். பற்றீரியம் மாண்டது; கழலையோ வளர்ந்துகொண்டே இருந்தது. பகைவன் இறந்த பின்னும் அவன் இட்ட கட்டளை உள்ளே நடைபெறுகின்றது என்பதன்றோ இதன் பொருள்? அக்கட்டளை யாது? அஃது எவ்வாறு உட்சென்றது?

முதல் வினாவிற்கு விடை 1970 களிற் கிடைத்தது. நோய் செய்யும் ஆற்றல், பற்றீரியத்தின் நிறமூர்த்தத்துக்குப் புறம்பாகவுள்ள பெரியதொரு டி.என்.ஏ. வளையத்தில் தங்கியுள்ளது என்பதை 1974 இல் பெல்சியத்தின் கெந்த் நகரில் செல், வான் மொந்தகு ஆகியோரின் குழுவினர் கண்டனர். அவ்வளையத்தின் ஒரு துண்டு கழலைக் கலங்களின் டி.என்.ஏ.யினிடையே இருத்தலை 1977 இல் அமெரிக்காவில் மேரி டெல் சில்ரன் முதலியோர் காட்டினர். அத்துண்டே கட்டளை.

இனி, அது செல்லும் வழியைக் காண்போம். காயமுற்ற தாவரம் சில பினோல் வகைப் பொருள்களைக் கசியவிடும். பற்றீரியத்தின் மென்சவ்விலுள்ள புரதமொன்று அவற்றை உணர்ந்ததும், ‘விர்’ எனப்படும் பரம்பரையலகுகள் விழித்தெழும். ‘விர் டி 2’ என்னும் புரதம், கட்டளைத் துண்டின் இரு எல்லைகளிலும் உள்ள 25 எழுத்து நீளமான குறிகளை அறிந்து வெட்டி, ஓரிழையாக வரும் துண்டின் முனையில் தன்னைப் பிணித்துக்கொள்ளும். பன்னிரு வகைப் புரதங்கள் கூடிப் பற்றீரியத்தின் இரு மென்சவ்வுகளையும் ஊடுருவும் வாயிலொன்றை அமைக்கும். நான்காம் வகைச் சுரப்புத் தொகுதி என்பது இதுவே. இவ்வாயில் அறிவது புரதத்தையே, டி.என்.ஏ. அப்புரதத்தின் பின்னே இழுபட்டுச் செல்வது. ‘விர் ஈ 2’ என்னும் வேறொரு புரதம் தனித்துச் சென்று, தாவரக் கலத்துள் அவ்விழையைப் போர்த்துக் காக்கும். ஆகவே புரதமும் டி.என்.ஏ.யும் ஒரே வழியாற் செல்கின்றன.

கருவினுட் புகுந்த இழையைத் தாவரத்தின் நொதியங்களே அதன் டி.என்.ஏ.யோடு இணைத்துவிடுகின்றன. பின்னர்க் கலம் வளர்ச்சி ஓமோன்களை மிகையாக ஆக்கிக் கழலையாய்ப் பருக்கும். ஒப்பைன் என்னும் பொருள்களையும் ஆக்கும். இவை தாவரத்துக்குப் பயன்படா. வெளியே நிற்கும் பற்றீரியத்துக்கு உணவாம். வீட்டுக்காரன் பொருளைக்கொண்டே தனக்கு விருந்து சமைப்பிக்கும் தந்திரம் இது.

வேறு பற்றீரியங்கள் டி.என்.ஏ.யை விடுத்துப் புரதத்தை மட்டும் செலுத்தும். நெல்லின் இலையைக் கருக்கும் சந்தோமோனசு, ஊசி போன்ற மூன்றாம் வகைத் தொகுதியால் தன் புரதங்களை நெற்கலத்துட் பாய்ச்சும். அவற்றுட் சில கருவை அடைந்து, சர்க்கரையை வெளியேற்றும் பரம்பரையலகை இயக்கிவிடும்.

1983 இல் அறிஞர் அக்ரோபற்றீரியத்தின் கழலை செய்யும் பகுதியை நீக்கி, விரும்பிய பரம்பரையலகைத் தாவரத்துட் சேர்த்தனர். இஃது இயற்கைக்கு மாறு என்பாரும் உளர். ஆயின், 2015 இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, சோதித்த 291 பயிர்வகை வற்றாளங்கிழங்குகள் அனைத்திலும் அக்ரோபற்றீரியத்தின் டி.என்.ஏ. காணப்பட்டது. மனிதன் கற்குமுன்னரே இயற்கை அதனைச் செய்துவிட்டது. அவித்த கிழங்கினை நாமும் உண்டே வளர்ந்தோம். ஆதலின் புதுப்பயிர் ஒவ்வொன்றையும் அதனதன் நன்மை தீமையால் ஆராய்க. ‘மாறு’ என்ற ஒரு சொல்லால் ஏற்றலும் தள்ளலும் அறிவுடைமையாகா.

மாணவனுக்கு என் விடை இதுதான்: தம்பி, இந்நோய்க்குப் பூச்சி குடைந்திருக்க வேண்டுவதில்லை; சிறு காயமே வாயிலாகப் போதும். கழலை தோன்றிய பின் பற்றீரியத்தைக் கொல்வதாற் பயனில்லை. கட்டளை முன்னரே உட்சென்றுவிட்டது. நோயுற்ற செடியைப் பிடுங்கி அகற்று. கத்தியைத் தூய்மை செய்தபின்னரே அடுத்த செடியை வெட்டு. மண்ணைக் கொத்தும்போது அடித்தண்டு காயப்படாது காத்துக்கொள். அன்று நீ கேட்ட வினாவினால் உன் ஆசிரியனும் கற்றான். இனியும் தயங்காது கேள்.