வெயில் மிகுந்த மண்ணில் வைட்டமின் டி குறைவது ஏன்?

மழைக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பது திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பகுதியினர் அனைவரும் அறிந்ததே. ஆகவே, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, ‘வைட்டமின் டி குறைவாக உள்ளது’ என்று மருத்துவர் கூறும்போது, ‘இந்த வெயிலில் கிடக்கும் எங்களுக்கா?’ என்று பலர் வியப்புடன் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. அதற்கான விடையை அறிந்தவர்கள், தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார்கள். தேவையற்ற மருந்தை விழுங்கவும் மாட்டார்கள்.

தோலில் உருவாகும் சத்து

நாம் உண்ணும் கால்சியத்தையும் பாஸ்பரசையும் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதா ‘பி’ கதிர்கள் தோலில் படும்போது இச்சத்து உருவாகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, செயல்படும் நிலையை அடைகிறது. எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கொளியால் குணப்படுத்தலாம் என்று 1919-இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி நிறுவினார்.

எல்லா வெயிலும் இப்பணியைச் செய்வதில்லை. சூரியன் தாழ்ந்திருக்கும் அதிகாலையிலும் மாலையிலும் இக்கதிர்களில் பெரும்பகுதியைக் காற்று மண்டலமே தடுத்துவிடுகிறது. இளவெயில் உடலுக்கு இதமானது. ஆனால் வைட்டமின் டி-யை மிகக் குறைவாகவே தரும். இதை அறிய எளிய வழி உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், அந்த வெயில் பயன் தரும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை.

நம் பகுதியில் நேர்வது என்ன?

நூற்பாலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் வேலை செய்வோரும், தறியில் அமர்வோரும் பகல் முழுவதும் கூரையின் கீழேயே இருக்கின்றனர். காட்டு வேலைக்குச் செல்லும் பெண்களோ சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கின்றனர். வெப்பத்திலிருந்து காக்க அது தேவையே. ஆயினும் தோலில் வெயில் படும் பரப்பு குறைந்துவிடுகிறது. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேர வெயிலும் தேவை. முதுமையில் தோலின் உற்பத்தித் திறனும் குறைகிறது.

உணவுக்கும் இதில் பங்குண்டு. திருப்பதிப் பகுதியின் நலமான மக்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், நகரத்தாரைவிடக் கிராமத்தார் நிலை மேலாக இருந்தபோதிலும், அவர்களிலும் பலருக்கு இக்குறைபாடு காணப்பட்டது. அவர்கள் உணவில் கால்சியம் குறைவாகவும், தானியங்களிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் மிகுதியாகவும் இருந்தன. பைட்டேட் கால்சியத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாமை, படியேறும்போது தொடையில் வலுவின்மை, இடுப்பு, விலா, முன்னங்கால் எலும்புகளில் ஓயாத வலி ஆகியவை எலும்பு மென்மையாதலைக் குறிக்கலாம். ‘வயதானால் அப்படித்தான்’, ‘வாதக் கோளாறு’ என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை உண்போர் உளர். வலி மாத்திரை எலும்பை உறுதியாக்காது. நெடுநாள் உண்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். குழந்தைக்குக் கால் வளைதல், நடக்கத் தாமதமாதல், கால்சியம் குறைந்து வலிப்பு வருதல் ஆகியவை நேரலாம்.

செய்ய வேண்டியவை

முற்பகல் 10 மணியளவில், வாரத்தில் சில நாள்கள் 20 முதல் 30 நிமிடங்கள் கைகளிலும் கால்களிலும் வெயில் படட்டும். தலையைத் துண்டால் மூடிக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் நண்பகல் வெயில் உயிருக்கே ஆபத்தானது, அதைத் தவிர்க்கவும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகு வைட்டமின் டி-யும், 1,000 மில்லிகிராம் கால்சியமும் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. பால், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவையும் நல்லவை. தானியத்தை ஊறவைத்தோ புளிக்கவைத்தோ சமைத்தால் பைட்டேட் குறையும். புளித்த கூழ் இவ்வகையில் சிறந்தது. சைவ உணவில் வைட்டமின் டி மிகக் குறைவு. எனவே, பாலும் எண்ணெயும் வாங்கும்போது உறையில் செறிவூட்டப்பட்டதற்கான ‘+எஃப்’ முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். செக்கில் ஆட்டி வாங்கும் எண்ணெயில் இச்சத்து சேர்க்கப்படுவதில்லை.

தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவாகவே இருக்கும். ஆதலால், முதல் ஓராண்டு முழுவதும் நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்தைக் குழந்தை மருத்துவரின் அறிவுரைப்படி கொடுக்க வேண்டும்.

மருந்தில் கவனம்

60,000 அலகு கொண்ட மாத்திரையோ பொடியோ வழக்கமாக வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் தரப்படுகிறது. அதை நாள்தோறும் உண்டால் இரத்தத்தில் கால்சியம் அளவு மீறி உயர்ந்து, வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம். படிக்க இயலாத பெரியவர் வீட்டில் இருந்தால், மருந்து உண்ணும் கிழமையை நாட்காட்டியில் குறித்து, அன்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். ‘ஒரே ஊசியில் சரியாகிவிடும்’ என்று தாமாகப் போட்டுக்கொள்வதும் தவறு. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கொருமுறை 5 லட்சம் அலகு ஒரே வேளையில் கொடுத்தபோது, விழுதலும் எலும்பு முறிவும் அதிகரித்ததாக 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிறுநீரக நோய், சிறுநீரகக் கல் உள்ளவர்களும், காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு உட்கொள்பவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வைட்டமின் டி சர்வரோக நிவாரணி அன்று. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், நாள்தோறும் 2,000 அலகு உண்டவர்களுக்கு மாரடைப்போ புற்றுநோய் வருவதோ குறையவில்லை. ஆகவே, நலமாக உள்ள அனைவரும் இரத்தப் பரிசோதனைக்குச் செலவிட வேண்டியதில்லை. ஆனால், உங்கள் வீட்டில் தரையிலிருந்து எழத் தடுமாறும் ஒருவர் இருந்தால், அவரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உரிய சிகிச்சை அளித்தால் பெரும்பாலோர் சில மாதங்களில் தெளிவான முன்னேற்றம் காண்கின்றனர்.