பாக்கு மெல்லுதலும் காது மந்தமும்

ரமணாசிரமப் பகுதியில் காது மந்தமென்று முறையிடுவோரிடம், "வாயை முழுதும் திறக்க முடிகிறதா?" என்று நான் வினவுவதுண்டு. சிலர் நகைப்பர்.

இடைவிடாது பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகும் நோய் உண்டாகிறது. 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இது கண்டு விவரிக்கப்பட்டது. இவ்விறுக்கம் அண்ணத்தைப் பற்றினால், தொண்டையினின்று நடுச்செவிக்குக் காற்றுச் செல்லும் குழாயைத் திறக்கும் தசைகளும் கெடுகின்றன. எச்சில் விழுங்கும்போது திறக்க வேண்டிய குழாய் மூடியே கிடக்கும், செவிப்பறை உள்வாங்கும், காது அடைத்துக் கேள்வி குறையும். காதில் எண்ணெய் விடுவதால் பயனில்லை.

"புகையிலை சேர்ப்பதில்லையே!" என்பர். பாக்கே இந்நோய்க்குக் காரணம். தாம்பூலத் தட்டை விலக்கச் சொல்வது எனக்கும் எளிதன்று. எனினும் இறுகிய நார் பெரும்பாலும் முழுதும் இளகாது, புற்றாக மாறவுங்கூடும்.

மூன்று விரல்களைச் சேர்த்து வாயில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிடில் பாக்கை உடனே நிறுத்தி, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாயையும் காதையும் ஒருங்கே காட்டுங்கள்.